துடுப்பின் மேல்பிடி

கஷோயெய்ரா
8 மார்ச் 1987

கோஸ்மாவுக்கு,

நமக்குப் பெயர் தந்த இரட்டைப் புனிதர்கள் உனக்குத் துணையிருக்கட்டும். நீ நலமா? நான் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

என் தோள் போய்விட்டது. சுருட்டு ஆலையில் இருபத்தாறு வருடம் புகையிலை உருட்டிய தோள், எத்தனை நாள்தான் தாங்கும்? சுகாதார நிலையத்து டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன், நெற்றியோடு நின்றுவிட்டது. "சோறு சாப்பிடலாம், சிலுவை போட்டுக்கலாம். அதுக்கு மேல இந்தக் கைகிட்ட எதுவும் கேக்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவின் நேர்ச்சை உனக்கு மறந்திருக்காது. ஏழாம் மாதத்தில் பிறந்து அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த நம் இருவருக்காகவும் நேர்ந்துகொண்டது: இரண்டும் உயிரோடு இருக்கும்வரை, வருடா வருடம் செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, புனிதர்கள் திருநாளன்று, இரண்டு பேர் கையாலும் ஒரே சட்டியில் கொகாடா தேங்காய் மிட்டாய் கிண்டி, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. நீ போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உன் பங்குக்கு ஆறு தேங்காய், என் பங்குக்கு ஆறு தேங்காய் என்று பன்னிரண்டையும் நானே உடைத்து, துருவி, ஒன்றரை மணி நேரம் நின்று கிண்டி இறக்குகிறேன். எதிர் வீட்டு நொயேமியா துருவித் தருவாள், கிண்டித் தர முடியாது. ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும், கை மாறினால் பதம் கெட்டுவிடும் என்று உனக்கே தெரியும். அதுவும் நேர்ச்சைச் சட்டியில் வேறொருத்தி கை படலாமா?

எனக்கு ஐம்பத்தொரு வயது, கோஸ்மா. உனக்கும்தான். நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன். பங்குச் சாமியாரிடம் கேட்டேன். இரண்டு பேர் பெயரில் உள்ள நேர்ச்சையை இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிக்க முடியும், இருவரும் போதும் என்று சொன்னால் அவர் ஒரு ஜெபம் சொல்லி முடித்து வைப்பாராம். என் வாயால் சொல்லிவிட்டேன். நீ ஒரே ஒரு வரி எழுது. "போதும்" என்று எழுதினால் போதும், வேறு செய்தி எதுவும் வேண்டாம்.

கால்மணி நேரம் இளையவள்,
தமியானா

சாவோ பாவ்லோ
2 ஏப்ரல் 1987

என் தமியானாவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்ல சுகத்தோடு காணட்டும். நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அது அழகாகத்தான் இருக்கிறது என்கிறாள் நான் சமைக்கிற வீட்டுக்கார அம்மாள். அவளுக்கு இப்போது உப்பு ஆகாது, அவள் புருஷனுக்கு எண்ணெய் ஆகாது, மகளுக்குச் சோறே ஆகாது. மூன்று பேருக்கு மூன்று சட்டி வைக்கிறேன்.

இங்கே குளிர் இந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கும் ஒடெட்டே, எங்கே பார்த்தாலும் வாயடிப்பாளே என்று முன்பு எழுதியிருக்கிறேன், அவள் தோள்வலிக்கு ஒரு கற்பூரத் தைலம் சொன்னாள். இதோடு அனுப்புகிறேன். அடுப்பு ஓரமாக வைத்துச் சூடாக்கித் தேய்.

எந்தத் தோள் என்று நீ எழுதவே இல்லையே. வலதா, இடதா? எழுது.

கொகாடாவில் இப்போதும் கிராம்பு போடுகிறாயா, இல்லை இஞ்சி மட்டும்தானா? வெல்லம் கறுப்பா, வெள்ளைச் சர்க்கரையா? சும்மாதான் கேட்கிறேன். நொயேமியாவின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா? ஆற்றில் இந்த வருடம் வெள்ளம் உண்டா?

தைலத்தை வீணாக்காதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கோஸ்மா

கஷோயெய்ரா
26 ஏப்ரல் 1987

கோஸ்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தைலம் வந்தது. தேய்த்தால் எரிகிறது, எரிச்சலில் வலி மறந்துபோகிறது. ஒடெட்டேவுக்கு என் நன்றியைச் சொல்.

வலது தோள். தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது?

நீ கேட்டதற்கெல்லாம் பதில்: கிராம்பு உண்டு, இஞ்சியும் உண்டு, வெல்லம் கறுப்பு. நொயேமியா மகளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். ஆறு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, கோஸ்மா. நீ பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. சமையல்காரி உப்பை மட்டும் மறந்தது போல இருக்கிறது.

நொயேமியாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடையில பாக்கெட் மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டுப் போ, பிள்ளைங்க அதைத்தான் விரும்புதுங்க" என்கிறாள். அது நேர்ச்சை ஆகுமா என்று கேட்டால், புனிதர்கள் இரண்டு பேருமே வைத்தியர்கள்தானே, தோள்வலி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா என்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

போன வருடம் எப்படி இருந்தது என்று உனக்கு எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். பாகு இறுகும் நேரம், துடுப்பு சட்டியில் நட்டு வைத்தது போல நின்றுவிட்டது. இழுத்தால் தோளில் ஊசி இறங்குகிறது, விட்டால் அடிப்பிடிக்கும். இடுப்பால் துடுப்பை முட்டிக்கொண்டு, அழுதுகொண்டே கிண்டினேன். வெளியே வழக்கம்போல முதல் பந்திக்கு ஏழு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, எப்ப வரும் எப்ப வரும் என்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு தின்றார்கள். என்னால் அன்றைக்குச் சாப்பாட்டுக் கரண்டியைத் தூக்க முடியவில்லை.

இன்னொரு முறை என்னால் ஆகாது. ஒரு வரி எழுது.

தமியானா

சாவோ பாவ்லோ
7 ஜூன் 1987

தமியானாவுக்கு,

உடம்பு எப்படி? நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

நேர்ச்சையை நிறுத்தாதே. இந்த ஒரு வருடம் மட்டும் செய்துவிடு. ஏன் என்று கேட்காதே. சின்னச் சட்டியில் செய், மூன்று தேங்காய் போதும், யார் எண்ணப் போகிறார்கள்? ஆனால் நிறுத்தாதே.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

கோஸ்மா

கஷோயெய்ரா
28 ஜூன் 1987

கோஸ்மாவுக்கு,

நலம் விசாரிக்கிறேன், அது வழக்கம் என்பதால்.

உன் ஆறு வரியை நொயேமியாவுக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை, வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த நேர்ச்சைக்கென்று ஒரு துடுப்பைத் தொடாதவள், அங்கே குளிரில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, நிறுத்தாதே என்று எனக்கு எழுதுகிறாய். வேலை அதிகமாம். எனக்கு என்ன, ஊஞ்சலா ஆடுகிறேன்?

நான் இதுவரை சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். அறுபத்தைந்தில் நீ போனதில் எனக்குக் கோபம் இல்லை. எல்லாரும் பிழைக்கத் தெற்கே போனார்கள், நீயும் போனாய். வேறொரு நாள் போயிருக்கலாம். அம்மா செத்த அடுத்த வருடம், செப்டம்பர் இருபத்தேழாம் தேதி காலை, துடுப்பின் மேல்பிடி உன் கையில், கீழ்ப்பிடி என் கையில், பாகு பாதி வெந்துகொண்டிருக்கும்போது லாரிக்காரன் ஹாரன் அடித்தான் என்று கையை எடுத்துவிட்டுப் போனாய். அந்தச் சட்டி அடிப்பிடித்துக் கருகிப்போனது. கருகினதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒரு சின்னப் பெண் மட்டும், "இது கசக்குது, ஆனா பரவால்ல" என்றாள். அந்த "பரவால்ல" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எப்போதும் நீ மேல்பிடி, நான் கீழ்ப்பிடி. கால்மணி நேரம் மூத்தவளாம். சூடு முழுக்க என் விரலுக்குத்தான்.

இந்த வருடம் நான் கிண்டப் போவதில்லை. உன் வரி எனக்கு வேண்டாம், சாமியார் ஜெபமும் வேண்டாம். புனிதர்கள் என் தோளைப் பார்த்துவிட்டு என்ன செய்வார்களோ செய்யட்டும். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தமியானா

கஷோயெய்ரா
9 ஆகஸ்ட் 1987

கோஸ்மாவுக்கு,

உன் நலம் அறிய எழுதுகிறேன். பதில் எழுத வேண்டாம் என்று எழுதினேன்தான். நான் சொன்னதை நீ எப்போது கேட்டிருக்கிறாய், இதை மட்டும் கேட்க?

தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்டேன். "சாவோ பாவ்லோக் கடுதாசி எல்லாம் ஒழுங்கா வருதும்மா, எழுதினா வரும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

கோபம் என்றால் கோபம் என்று எழுது. ஒரு தாளை மடித்து வெறுமனே அனுப்பினாலும் போதும், மேலே உன் கையெழுத்து இருந்தால் சரி.

தமியானா

கஷோயெய்ரா
30 ஆகஸ்ட் 1987

கோஸ்மாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். தேங்காய்க்காரன் வண்டியில் நல்ல முற்றல் தேங்காய் வந்திருந்தது. பன்னிரண்டு வாங்கிவிட்டேன். நேர்ச்சைக்கு அல்ல, தப்பாக நினைக்காதே. விலை மலிவு, குழம்புக்கு ஆகும். நான் தனிக்கட்டை, பன்னிரண்டு தேங்காயைக் குழம்பு வைத்து எத்தனை மாதம் தின்பேன் என்று நொயேமியா சிரிக்கிறாள். 

தேங்காய்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெருக்கும்போது ஒவ்வொன்றாய் உருண்டு வருகின்றன. நான் நிறுத்துகிறேன் என்று எழுதின பிறகுதான் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நிறுத்தியதால் உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? உயிரோடு இருக்கும்வரை என்றுதானே அம்மா நேர்ந்துகொண்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எழுது, கோஸ்மா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தமியானா

சாவோ பாவ்லோ
6 செப்டம்பர் 1987

தமியானா அக்காவுக்கு,

கடவுள் உங்களைக் காப்பாராக. நான் தைலம் சொன்ன ஒடெட்டே. என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை, எழுதினால் பேசமாட்டேன் என்றுதான் கோஸ்மா சொல்லியிருக்கிறாள். அவள் பேசாவிட்டால் எனக்கு என்ன, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுவேன்.

உங்கள் மூன்று கடிதமும் அவள் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. கடைசியில் வந்ததை நான்தான் பிரித்துப் படித்துக் காட்டினேன், தேங்காய் உருளும் இடத்தில் சிரித்தாள், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா, அவளுக்கு மார்பில் கட்டி. ஏப்ரல் முதலே அவளுக்குத் தெரியும். மே மாதக் கடைசியில் இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அந்த ஆறு வரியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் எழுதினாள். ஜூலையில் காய்ச்சல் வந்து மறுபடி சேர்த்து, இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். இடது கை வீங்கிக் கிடக்கிறது, தோளுக்கு மேல் போகவில்லை. கட்டடத்துப் பின்னறையில் என்னோடுதான் இருக்கிறாள். ஆகாரம் கொஞ்சம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. துடுப்பைத் தொடாதவள் என்று எழுதியிருந்தீர்களே. இந்தக் கட்டடத்துக்கு நான் வந்து பதினான்கு வருடம். பதினான்கு செப்டம்பரும் பார்த்திருக்கிறேன். இருபத்தேழாம் தேதி வந்தால் எந்த வேலை இருந்தாலும் லீவு சொல்லிவிட்டு, பின்னறையின் ஒற்றை அடுப்பில் ஆறு தேங்காய் போட்டுக் கொகாடா கிண்டுவாள். கிராம்பு, இஞ்சி, கறுப்பு வெல்லம். வேலைக்காரர்கள் போய் வரும் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பாள். முதல் வருடம் நான் உதவி செய்யலாமென்று துடுப்பில் கை வைத்தேன். கையில் பளீரென்று ஒரு அடி. "மேல்பிடி மட்டுந்தான் என்னோடது. கீழ்ப்பிடிக்கு ஆள் ஊர்ல இருக்கா" என்றாள். துடுப்பின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு, கீழே பாதியை வெறுமனே விட்டுத்தான் கிண்டுவாள். எந்தச் சமையல்காரி அப்படிக் கிண்டுவாள்? கை ஒடிந்துபோகும்.

இந்த வருடம் எப்படிக் கிண்டுவது என்று அதே கவலையில் படுத்திருக்கிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதமாட்டேன். முடிந்தால் வாருங்கள்.

ஒடெட்டே

சாவோ பாவ்லோ
10 செப்டம்பர் 1987

என் தமியானாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. ஒடெட்டே உனக்கு எழுதிவிட்டதாக இன்று ஒப்புக்கொண்டாள். திட்டினேன். பிறகு அவள்தான் எனக்குக் கஞ்சி ஊட்டினாள்.

அறுபத்தைந்தில், நான் வந்த இரண்டாம் மாதம் நீ ஒரு கடிதம் போட்டாய், உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. என்னிடம் இருக்கிறது. "நேர்ச்சை இனி என்னுடையது, உன் கை அதில் படக்கூடாது" என்று எழுதியிருந்தாய். அதனால் உனக்குச் சொல்லாமல் செய்தேன். என் பாதியை மட்டும்தான் செய்தேன், உன் பாதியை நீ செய்துகொள்வாய் என்று நினைத்தேன். நீ பன்னிரண்டு உடைக்கிறாய் என்று உன் மார்ச் மாதக் கடிதத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை.

நிறுத்தாதே என்றது பயத்தில். இந்த வருடம் என் பாதி நடக்காது என்று தெரிந்துவிட்டது, உன்னுடையதாவது நடக்கட்டும் என்று நினைத்தேன். உன் தோளை நினைக்கவில்லை, என்னை மட்டும்தான் நினைத்தேன். மன்னித்துக்கொள்.

இப்போது பயம் குறைந்துவிட்டது. களைப்புதான் இருக்கிறது. நீ கேட்ட வரியைத் தருகிறேன், சாமியாரிடம் காட்டு.

போதும்.

கோஸ்மா

கஷோயெய்ரா
19 செப்டம்பர் 1987

என் கோஸ்மாவுக்கு,

இரட்டைப் புனிதர்கள் உன்னைக் காக்கட்டும், நான் வந்து சேரும்வரையாவது காக்கட்டும்.

உன் வரி நேற்று வந்தது. சாமியாரிடம் காட்டவில்லை. மார்ச் மாதம் அந்தச் சொல்லுக்காகத் தபால்காரரின் வழி பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது கையில் வைத்துக்கொண்டு அழுகிறேன். இரண்டும் உயிரோடு இருக்கும்வரை என்பதுதான் நேர்ச்சை. போதும் என்று நீ எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தாளை மடித்துக் கொண்டுவருகிறேன், நீயே வாங்கிக் கிழித்துப் போடு.

அறுபத்தைந்துக் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. நான்தான் நினைவில்லாதது போல இருந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் உன் பாதியையும் நானே தூக்குகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தக் கனத்தை ஒரு பெருமையாக்கிக்கொண்டேன். தூக்கச் சொன்னவள் யார்? நான்தான். அந்தச் சட்டியும் நீ கையை எடுத்ததால் கருகவில்லை. நான் துடுப்பைப் போட்டுவிட்டு லாரிக்குப் பின்னால் பாலம் வரைக்கும் ஓடினேன், அதனால்தான் கருகியது. நீ திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வியாழக்கிழமை ஃபெய்ரா டவுனிலிருந்து பஸ். சனிக்கிழமை வந்துவிடுவேன். இந்தக் கடிதம் முந்துமோ, நான் முந்துவேனோ தெரியாது. நொயேமியா பன்னிரண்டையும் உடைத்துத் துருவித் தருகிறேன் என்றாள். துருவினால் வழியில் புளித்துவிடும், அதனால் முழுத் தேங்காயாகவே சாக்கில் கட்டிவிட்டேன். "தோள் போச்சுன்னு ஊரைக் கூட்டினவ, மூட்டையைத் தூக்கிட்டுப் போறா பாரு" என்று அவள் திட்டிக்கொண்டே பஸ் நிலையம் வரைக்கும் தூக்கித் தர ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஒடெட்டேவிடம் ஒரு பெரிய சட்டி தேடி வைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், வாசலில் பாய் விரிக்கச் சொல், ஏழு பேர் முதலில்.

எனக்கு வலது கை ஆகாது, உனக்கு இடது கை ஆகாது. எந்தத் தோள் என்று நீ ஏன் கேட்டாய் என்று இப்போது யோசிக்கிறேன். என் இடது கையும் உன் வலது கையும் மிச்சம் இருக்கின்றன. அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் களைப்பாகத்தான் வருகிறேன், கோஸ்மா. வந்து உன்னைத் தேற்றிவிடுவேன் என்றெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. உன்னால் நிற்க முடியாவிட்டால் நாற்காலி போட்டு உட்கார், அடுப்பு உயரத்துக்குச் சரியாக இருக்கும். இந்த முறை மேல்பிடி எனக்குத்தான் என்று பஸ்ஸில் வரும்போது சண்டைக்குத் தயாராகலாம் என்று நினைத்தேன். வேண்டாம். மேல்பிடியை நீயே வைத்துக்கொள், சூடு எனக்குப் பழகிவிட்டது.

உன் தமியானா